பெட்டியின் சாவி யாரிடம்?

கேள்வி: நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தொழிற்சங்கத்தில் சேர ஆளே இல்லை. ஆனால் கம்பெனியே கமிட்டி அமைத்திருக்கிறது, புகார்ப் பெட்டி வைத்திருக்கிறது, போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. இனியும் சங்கம் எதற்கு?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: அந்தப் பெட்டியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தீர்களா? அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் நான் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட், சின்னப் பூட்டு, நேர் மேலே கேமரா. சாவி ஹெச்.ஆர். மேஜை டிராயரில். சூப்பர்வைசர் மேல் புகார் எழுதும் பெண் அந்தக் கேமராவுக்குக் கீழே நின்றுதான் சீட்டைப் போட வேண்டும். "ஆடிட் வர்றப்பத்தான் சார் அதைத் தொடைப்பாங்க" என்றார் செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர்.

சங்கம் தேய்ந்துவிட்டது உண்மைதான். 1984-ல் பஞ்சப்படி (விலைவாசிக்கு ஏற்ற கூடுதல் படி) கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். இன்று காண்ட்ராக்டர் கூட்டிவரும் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லருக்கு பீஸ் ரேட், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் வேறு கம்பெனி. கூலி குறைந்தால் யார் சட்டையைப் பிடிப்பது? சங்கங்கள் மேலும் தப்பு உண்டு. மெஷினில் உட்கார்ந்திருப்பது பெண்கள், மேடையில் உட்கார்ந்திருப்பது ஆண்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் லைன் லைனாகத் தைக்கிறார்கள். சங்கத்தின் கேட் மீட்டிங் நோட்டீஸ் பெரும்பாலும் தமிழில் மட்டும்தான். இதை எழுதவே எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக, முதலாளி ஆள் பொறுக்கிப் போட்ட கமிட்டி உங்களுக்காகப் பேசும் என்று நம்பாதீர்கள். புது வழி வேண்டுமென்றால் திண்டுக்கல்லைப் பாருங்கள். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆடை ஆலை அங்கே இருந்தது. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த தலித் பெண் கொலையானார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு போராடி, 2022-ல் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே துணி வாங்கிய எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன.

அந்த ஒப்பந்தப்படி லைனில் தைக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கண்காணிக்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். புகாரை விசாரிக்க கம்பெனிக்கு வெளியே ஆள் வைத்தார்கள். கம்பெனி சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று வைத்தார்கள். ஆர்டர் போகும் என்றால் எந்த முதலாளியும் காது கொடுப்பார். உங்கள் கம்பெனிப் பெட்டியில் இல்லாதது இதுதான். இந்தப் புது வழியைக் கொண்டுவந்ததும் ஒரு சங்கம்தான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பல்லடத்திலேயே கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்களைக் கேளுங்கள். பேருக்கு அவர்கள் தறி முதலாளிகள். ஆனாலும் கூலி உயர்வு வேண்டுமென்றால் பக்கத்து விசைத்தறி ஊரான சோமனூர்க்காரர்களோடு சேர்ந்து தறியை நிறுத்தித்தான் வாங்குகிறார்கள்.

சரி, இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் கமிட்டியில் இருப்பவர்களுக்கு நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா? அதில் ஹிந்தியோ ஒடியாவோ பேசுகிறவர் ஒருவராவது உண்டா? கடைசியாக எந்தப் புகாருக்காக எந்த சூப்பர்வைசரை மாற்றினார்கள்? விசாரித்து எழுதுங்கள், பெயர் இல்லாமல் அப்படியே வெளியிடுகிறேன்.