இனோசிட்டால் பவுடரும் கேழ்வரகுக் களியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று சொல்லி, தினம் இரண்டு வேளை இனோசிட்டால் பவுடர் கலக்கிக் குடிக்கச் சொன்னார் டாக்டர். மருந்துக் கடையில் ‘இது வெறும் வைட்டமின்தான்’ என்கிறார்கள். பக்கத்து வீட்டிலோ ‘இதைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை தங்காது’ என்று பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: பக்கத்து வீட்டுப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள், அம்மா. அதற்கு ஆதாரமே கிடையாது. கருமுட்டை ஒழுங்காக வெளிவர உதவுமா என்று பார்க்கத்தான் இந்தப் பவுடரைக் கொடுத்தே சோதித்திருக்கிறார்கள்.

இது வைட்டமினும் இல்லை, சர்க்கரையைப் போன்ற ஒரு பொருள். ஒரு காலத்தில் பி8 என்று அந்த வரிசையில் வைத்திருந்தார்கள். ஆனால் நம் உடம்பே குளுக்கோஸிலிருந்து இதைச் செய்துகொள்கிறது. ஒவ்வொரு சிறுநீரகமும் நாளுக்குச் சுமார் 2 கிராம் செய்கிறது.

பிசிஓஎஸ் உள்ள பல பெண்களின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாது. அதனால் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோன்களைக் கூட்டிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போவதும், முகத்தில் முடி வளர்வதும் இப்படித்தான். இன்சுலின் சொல்லும் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் வேலையில் இனோசிட்டால் சேர்ந்த கொழுப்புப் பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கூடுதலாகக் கொடுத்தால் செய்தி தடையில்லாமல் போகும் என்ற எண்ணத்தில்தான் இந்த வைத்தியமே வந்தது. பெரும்பாலும் நாளைக்கு 4 கிராம் மயோ இனோசிட்டாலை (இனோசிட்டாலில் அதிகம் காணப்படும் வகை) இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

பலன் என்ன? சிலருக்கு மாதவிலக்கு சீராகிறது. ஆனால் 2023இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல், இதைக் கொடுத்துப் பார்க்கலாம், தீங்கு குறைவு, ஆனால் பலனுக்கான சான்றும் குறைவு என்ற அளவில்தான் நிற்கிறது. எந்தக் கலவை, எத்தனை கிராம் என்றுகூட அது உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே விளம்பரத்தில் ‘40:1’ (மயோ வகையும் டி-கைரோ என்ற இன்னொரு வகையும் கலந்த விகிதம்) என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டுக்கு இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தால், இதை நம்பி அதை நிறுத்திவிட வேண்டாம். அளவு மிஞ்சினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். சில மாதம் கொடுத்துப் பார்த்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் டாக்டரிடமே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ஹார்மோன் செல்லுக்குள்ளே போகாமல் வெளியிலேயே நின்று வேலை வாங்குகிறது என்று பாடத்தில் வருகிறது. அது எப்படி முடியும்?
– பிளஸ் டூ மாணவன், ஊட்டி

பதில்: தம்பி, நான் குன்னூரில் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய காலத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். தோட்டத்து மேனேஜர் ஆபீஸ் வாசலில் சொல்வதைக் கங்காணி மலைக்குள் இருக்கும் ஆட்களிடம் கொண்டுபோவார் அல்லவா? செல்லுக்குள் அப்படி ஓடுவது ஐபி3 என்ற இனோசிட்டால் பாஸ்பேட்.

செல் சவ்வின் உள்பக்கத்தில் பிஐபி2 என்றொரு கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது. வெளியே ஹார்மோன் வந்து, சவ்வில் அதற்கென்றே இருக்கும் ஏற்பி என்ற புரதத்தைத் தொட்டதும், ஒரு நொதி இதை இரண்டாக வெட்டிவிடும். ஒரு துண்டு சவ்விலேயே தங்கும். இன்னொன்றான ஐபி3 தண்ணீரில் கரைவது. அது உள்ளே போய், கால்சியம் சேர்த்து வைத்திருக்கும் அறைகளைத் திறந்துவிடும். கால்சியம் பாய்ந்ததும் தசை சுருங்கும், சுரப்பி சுரக்கும். விந்து நுழைந்த நொடிகளில் கருமுட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழும்புகிறதே, அதுவும் ஐபி3 செய்வதுதான். நீயும் நானும் அப்படித்தான் தொடங்கினோம்.

1953இல் ஹோக்கின் தம்பதி கணையத் துண்டுகளில் இதன் முதல் தடயத்தைப் பார்த்தார்கள். ஐபி3 கால்சியத்தை விடுவிக்கிறது என்பதை மைக்கேல் பெரிட்ஜும் அவருடன் உழைத்தவர்களும் நிரூபித்தது 1983இல். இடையில் 30 வருடம். பரீட்சையில் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்.

கேள்வி: கொழுந்து பறிக்கப் போகிறேன். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கேழ்வரகும் சாமையும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நிறுத்து என்று ஒருவர் சொன்னார். நிறுத்தட்டுமா?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: நிறுத்தாதீர்கள். அவர் சொல்வது பைட்டிக் அமிலத்தை. இனோசிட்டாலோடு 6 பாஸ்பேட் சேர்ந்தது அது. விதை தன் முளைக்காகச் சேர்த்து வைக்கும் பாஸ்பரஸ் இருப்பு. நம் குடலில் அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்க வைத்தால் தானியத்தில் இருக்கும் நொதியே அதை உடைத்துவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைத்துக் களி கிண்டுங்கள். மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கிப் போடுங்கள்.

தவிட்டில்தானே இந்த அமிலம் இருக்கிறது என்று சாமையை வெள்ளையாகத் தீட்டி வாங்கவும் வேண்டாம். தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடும். தீட்டிய அரிசியால் வரும் பெரிபெரி நோயை ஆராயத்தான் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் வேலையைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது.

உங்கள் விஷயத்தில் களியைவிட டீதான் எனக்குக் கவலை. மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். மாத்திரை முடிந்ததும் ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஆரஞ்சில் இனோசிட்டால் நிறைய உண்டாமே? பவுடருக்குப் பதில் பழமே சாப்பிட்டால் போதாதா?
– ஒரு விவசாயி, தாண்டிக்குடி

பதில்: உண்டு. 100 கிராம் ஆரஞ்சில் 300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். 4 கிராம் வேண்டும் என்றால் தினம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும், அத்தனை சர்க்கரையும் கூடவே உள்ளே போகும். ஆரஞ்சை அதன் ருசிக்காகவும் வைட்டமின் சிக்காகவும் நாளுக்கு ஒன்றிரண்டு சாப்பிடுங்கள்.