குடித்து ஓட்டிய வழக்கும் பைலட் மெடிக்கலும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் மாணவர்கள் இந்த வம்பில் மாட்டும்போது எஃப்.ஏ.ஏ-வுக்கு (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) போகும் கடிதத்தை முதலில் என்னிடம்தான் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். எல்லாமே அமெரிக்க விதிகள். மெடிக்கல் என்றால் பறக்க உடல்தகுதி இருக்கிறது என்ற சான்றிதழ்.

சார், போன வாரம் ஆஸ்டினில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். ரத்தத்தில் மது 0.11 சதவீதம் என்று வந்தது. ஒரு ராத்திரி உள்ளே இருந்தேன். கையில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கிறது. உடனே எஃப்.ஏ.ஏ-வுக்குச் சொல்லணுமா?

கைதானதற்காக மட்டும் இன்றே கடிதம் எழுதத் தேவையில்லை. 61.15 என்ற விதி கேட்பது வேறு: மதுவோடு தொடர்புள்ள வழக்கில் தண்டனையோ, கார் லைசென்ஸ் முடக்கமோ ரத்தோ நடந்தால், அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

"கோர்ட் தீர்ப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடுவதுதான் எல்லோரும் வழுக்கும் இடம். கோர்ட்டுக்கு மாதக்கணக்காகும். டெக்சாஸில் கார் லைசென்ஸை முடக்குவது கோர்ட் இல்லை, மாநிலத் துறை. அது தனி வழியில் போகும். முதல் முறை என்றால், ஊதி 0.08 அல்லது மேலே வந்தால் 90 நாள், ஊத மறுத்தால் 180 நாள். நோட்டீஸ் கையில் வந்து 15 நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால் முடக்கம் தானாக அமலுக்கு வரும். அன்றிலிருந்து உங்கள் 60 நாள் ஓட ஆரம்பித்துவிடும். பிறகு கோர்ட்டில் தண்டனை வந்தால் அதற்கு இன்னொரு கடிதம். அதில் "இது முன்பு தெரிவித்த அதே சம்பவம்" என்று மறக்காமல் எழுதுங்கள். எழுதினால் இரண்டும் ஒன்றாகக் கணக்கு. மூன்று வருடத்துக்குள் தனித்தனியாக இரண்டு நடவடிக்கை என்று ஆகிவிட்டால் பைலட் லைசென்ஸுக்கே ஆபத்து.

கடிதம் அனுப்பியாச்சு. மெடிக்கல் ஃபார்மில் மறுபடியும் எழுதணுமா?

எழுதணும். கடிதம் போவது ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கு. மெடிக்கல் ஃபார்ம் போவது மருத்துவப் பிரிவுக்கு. ஊர் ஒன்று, ஆபீஸ் வேறு. ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்குச் சொன்னதாகாது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு, ஏ.எம்.இ (பைலட்டுகளைப் பரிசோதித்து மெடிக்கல் கொடுக்க எஃப்.ஏ.ஏ நியமித்த) டாக்டரிடம் சொல்லியாச்சே என்று கடிதத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு.

எங்க லாயர் கேஸை டிஸ்மிஸ் பண்ண வெச்சுட்டார். ஃபார்மில் "இல்லை"ன்னு டிக் பண்ணலாம்தானே அண்ணா?

கூடாது தம்பி. 18-v கேள்வியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தண்டனை கிடைத்ததா என்று மட்டும் அது கேட்கவில்லை, கைது செய்யப்பட்டதுண்டா என்றும் கேட்கிறது. டிஸ்மிஸ் ஆனாலும், குற்றச்சாட்டைச் சாதாரணக் கவனக்குறைவு ஓட்டுதலாகக் குறைத்துக்கொண்டாலும், கைது கைதுதான். லாயர்களுக்குக் கோர்ட் தெரியும், எஃப்.ஏ.ஏ ஃபார்ம் பலருக்குத் தெரியாது.

அந்த ஃபார்மில் கையெழுத்துப் போடும்போதே, தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடவும் சம்மதம் கொடுக்கிறீர்கள். எந்த மாநிலத்தில் லைசென்ஸ் முடங்கியிருந்தாலும் அதில் நிற்கும். 0.11-ல் பிடிபட்ட ஒருவர் ஒழுங்காகக் காகிதம் கொடுத்தால் பெரும்பாலும் பறந்துகொண்டேதான் இருப்பார். அதையே மறைத்தவருக்கு 67.403 விதியின் கீழ் மெடிக்கல், பைலட் லைசென்ஸ், இன்ஸ்ட்ரக்டர் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் பறிக்க முடியும். சாதாரணமாக ஒரு வருடம் கழித்துத்தான் திரும்ப விண்ணப்பிக்கலாம், அதுவும் எழுத்துத் தேர்விலிருந்து. பொய்த் தகவலுக்கு ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று ஃபார்மிலேயே அச்சடித்திருக்கிறது.

0.15 என்கிறார்களே, அது என்ன எல்லை?

முதல் சம்பவம், அளவு 0.15-க்குக் கீழே, டாக்டருக்கும் சந்தேகம் இல்லை என்றால் ஏ.எம்.இ அன்றே மெடிக்கல் கொடுக்க முடியும். 0.15 அல்லது மேலே என்றால் அவர் கொடுக்கக் கூடாது, எஃப்.ஏ.ஏ-வுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 0.20-ஐத் தொட்டால் இன்னும் சிக்கல். அந்த அளவில் சாதாரண ஆள் ஸ்டியரிங் பிடிக்கும் நிலையில் இருக்கமாட்டார், இவர் ஓட்டியிருக்கிறார் என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்போ ஊதவே மறுத்துட்டா எண்ணே இருக்காதே?

மறுப்பையும் 0.15-க்கு மேல் வந்ததைப் போலத்தான் நடத்துவார்கள்.

என் வீட்டுக்காரர் ஏர்லைன் கேப்டன். எட்டு வருஷம் முன்னாடி ஒரு கேஸ், இப்போ ரெண்டாவது. இனி பறக்கவே முடியாதா?

முடியும் அம்மா. ஆனால் இது முதல் கேஸ் மாதிரி சுலபமில்லை. ஆபத்தான சூழ்நிலையில் குடித்தது இரண்டாவது முறை என்றால், விதிப்படி அதற்குப் பெயர் மதுத் துஷ்பிரயோகம். கடைசிச் சம்பவத்திலிருந்து இரண்டு வருடம் சாதாரண மெடிக்கல் கிடையாது. மனநல மருத்துவர் அடிமைத்தனம் என்றே எழுதினால், குறைந்தது இரண்டு வருடம் முழுசாக விட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

அதற்கு முன்பே திரும்ப ஒரு வழி இருக்கிறது: ஹிம்ஸ். ஏர்லைன் பைலட்டுகளுக்காக 1970-களில் தொடங்கிய திட்டம். சிகிச்சை, ஹிம்ஸ் பயிற்சி பெற்ற ஏ.எம்.இ-யின் கண்காணிப்பு, முன்னறிவிப்பில்லாத ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள், சக பைலட் ஒருவரின் மேற்பார்வை. எல்லாம் சரியாக இருந்தால் சிறப்பு அனுமதியாக மெடிக்கல் தருவார்கள். கண்காணிப்பு வருடக்கணக்கில் நீளும். ஒரு சொட்டுக்கும் மன்னிப்பில்லை.

அவருக்கு லைல் பிரவுஸ் கதையைச் சொல்லுங்கள். 1990 மார்ச்சில் ஃபார்கோவிலிருந்து மினியாபோலிஸுக்குப் போதையோடு பயணிகள் விமானத்தையே ஓட்டிவந்த நார்த்வெஸ்ட் கேப்டன். சிறைக்குப் போனார், எல்லா லைசென்ஸும் போயிற்று. ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி வாங்கி, அதே நார்த்வெஸ்டில் 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். 2001-ல் அதிபர் கிளின்டன் மன்னிப்பும் கொடுத்தார். அவர் செய்ததோடு ஒப்பிட்டால் உங்கள் வீட்டுக்காரருடையது சின்ன விஷயம். யூனியன் ஹிம்ஸ் பிரதிநிதியிடம் அவரே இந்த வாரம் பேசட்டும். கம்பெனி கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எஃப்-1 மாணவர் விசாவில் வந்து பயிற்சி எடுக்கிறேன். ஊருக்குப் போய்ட்டு வரலாமா?

டிக்கெட் போடுவதற்கு முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். குடித்து ஓட்டிக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்னாலேயே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். ரத்தானாலும் இங்கே இருந்து படிப்பதற்குப் பொதுவாக இடைஞ்சல் இல்லை. வெளியே போனால் புது விசா எடுத்துத்தான் உள்ளே வரணும். அப்போது மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள்.

மெடிக்கலே வேண்டாம், பேசிக்மெட்டில் பறந்துக்கலாமா?

பேசிக்மெட் என்பது எஃப்.ஏ.ஏ மெடிக்கல் இல்லாமலே சிறிய விமானம் ஓட்ட விடும் மாற்று வழி. கார் லைசென்ஸ் முடங்கியிருக்கும்வரை அது முடியாது. பேசிக்மெட்டுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் வேண்டும். இன்னொன்று: மெடிக்கலுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் பேசிக்மெட் கதவும் மூடிக்கொள்ளும். அதனால் இணையத்தில் மெடிக்கல் ஃபார்மை நிரப்பியதும் வரும் உறுதிப்படுத்தல் எண்ணை டாக்டரிடம் கொடுப்பதற்கு முன், ஹிம்ஸ் ஏ.எம்.இ ஒருவரிடம் வெறும் ஆலோசனை கேளுங்கள். அவர் அந்த எண்ணைக் கணினியில் ஏற்றாதவரை அது பரிசோதனை ஆகாது.

சொந்தக் கைப்பட விளக்கம் எழுதணும்னு சொல்றாங்க. என்ன எழுதுறது?

எங்கே, எப்போது, எதை, எவ்வளவு குடித்தீர்கள், அதற்கு முன் எப்படிக் குடித்தீர்கள், இப்போது எப்படி. போலீஸ் அறிக்கை, ரத்த அல்லது மூச்சுப் பரிசோதனை முடிவு, கோர்ட் தாள்கள், லைசென்ஸ் வைத்திருந்த மாநிலங்களின் ஓட்டுநர் பதிவு, மது ஆலோசகரின் மதிப்பீடு எல்லாம் கூட இருக்கணும். விளக்கம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். 0.16 வந்தவர் "ரெண்டே ரெண்டு பியர்" என்று எழுதிக்கொண்டு வருவார். சராசரி உடம்புள்ள ஆண் இரண்டு பியரில் 0.05-ஐத் தாண்டுவது அரிது. படிப்பவர் டாக்டர், கணக்குப் போடத் தெரிந்தவர். அந்த வரியைக் கண்டதும் மற்ற எல்லா வரியையும் சந்தேகத்தோடு படிப்பார். நான் அந்த மாதிரிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.