இங்கிலாந்தின் டைன்ஹாம் கிராமத்து மக்கள் ஏன் ஊர் திரும்பவில்லை?

திரும்ப விடவில்லை என்பதே உண்மை. டார்செட் கடலோரத்தில் உள்ள இந்த ஊரை, 1943 டிசம்பரில், போர்ப் பயிற்சிக்காக ராணுவம் எடுத்துக்கொண்டது. சுமார் 225 பேர் கிறிஸ்துமஸுக்குச் சில நாள்கள் முன்பு வெளியேறினார்கள். 'ஒருநாள் திரும்பி வருவோம், வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் தேவாலயக் கதவில் ஒரு குறிப்பையும் விட்டுச் சென்றார்கள். அவ்வளவு நம்பிக்கை!

போர் முடிந்தும் ஊர் கிடைக்கவில்லை. 1948இல் ராணுவம் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். அவர்களுக்குத் தோட்டத்துக் காய்கறிகளுக்கு மட்டுமே இழப்பீடு. இதுதான் எனக்குப் பெரிய அநீதியாகத் தெரிகிறது.

வீடுகள் இடிந்து நிற்கின்றன. பள்ளியும் தேவாலயமும் காட்சிக்கூடங்களாக உள்ளன. பெரும்பாலான வார இறுதிகளில் சென்று பார்க்கலாம். சுற்றிலும் இன்றும் பீரங்கிப் பயிற்சி நடக்கிறது.