“மண் இருக்குமா?” என்று கேட்பவருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கேள்வி: நானும் மாமியாரும் காசிமேட்டில் கருவாடு விற்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆறு மாதத்துக்கு முன் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, சினிமாப் பாட்டுடன் ரீல்ஸ் போட்டு வருகிறான். நாலாயிரம் பேர் ஃபாலோ செய்கிறார்கள். ஆனால் மாதம் மூன்று நான்கு ஆர்டர்தான் வருகிறது. 8,000 ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம் ஃபாலோயர்களைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? மாமியாரோ, “என் மூஞ்சி வீடியோவில் வரக்கூடாது” என்கிறார்.
– வாசகி, காசிமேடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நெத்திலி வாங்கிக் காயப்போடுங்கள். காசுக்குச் சேரும் ஃபாலோயர்களில் பெரும்பாலானவை ஆளே இல்லாத கணக்குகள். இன்ஸ்டாகிராம் விதிப்படியும் அது தவறு. கண்டுபிடித்தால் அந்தக் கணக்குகளை நீக்கிவிடுவார்கள். கால் கிலோ சென்னாகுனி (பொடி இறால் கருவாடு) வாங்க அவர்களில் ஒருவர்கூட வரப்போவதில்லை.

உங்கள் கூடை முன்னால் வந்து குனியும் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். “மண் இருக்குமா? உப்பு ரொம்பக் கரிக்குமா? எப்போ காயவெச்சது?” நான் கருவாடு வாங்கினாலும் இதைத்தான் கேட்பேன். போனில் பார்ப்பவருக்கும் இதே சந்தேகம்தான். ஆனால் அவரால் எடுத்து முகர்ந்து பார்க்க முடியாது, கையில் தேய்த்து மண் ஒட்டுகிறதா என்று பார்க்க முடியாது. அந்த வேலையை உங்கள் வீடியோ செய்ய வேண்டும். மீனைக் கழுவுவது, குடல் எடுப்பது, உப்புப் போடுவது, தரையில் கொட்டாமல் வலை விரித்துக் காயவைப்பது, காய்ந்ததும் வெள்ளைத் தட்டில் உதறிக் காட்டுவது. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். பாட்டு வேண்டாம், உங்கள் பேச்சே இருக்கட்டும். வியாபாரக் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைப் பிரச்சினையில் ஒலியே போய்விடவும் வாய்ப்பு உண்டு.

எப்போது எதைப் போடுவது என்பதற்கு நம் ஊர் நாட்காட்டியே வழி சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும்போது வீட்டில் கருவாட்டின் நினைப்பு வரும். அதற்கு ஒரு வாரம் முன்பே கையிருப்பைக் காட்டிவிடுங்கள். அடுத்தது ஆடி. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் நம் பக்கம் முடியுமா? உங்களுக்குப் பெரிய சீசன் அதுதான். புரட்டாசியில் கவுச்சி தொடாத வீடுகள் நிறைய, அப்போது விற்பனை குறைந்தால் கலங்க வேண்டாம். அப்புறம் ஐப்பசி மழை வந்தால் காயவைப்பதே பாடு. “மழை, இந்த வாரம் புதுச் சரக்கு இல்லை” என்று உள்ளபடி போடுங்கள். ஈரச் சரக்கை அனுப்பாதவர் என்ற நம்பிக்கை அதில்தான் வரும்.

ஆர்டர் எடுக்க வாட்ஸ்அப் பிசினஸ் செயலி போதும், இலவசம்தான். வகை, எடை, விலையைப் படத்துடன் கேட்டலாகில் போட்டுவிடுங்கள். மொத்தமாகச் செய்தி அனுப்ப பிராட்காஸ்ட் இருக்கிறது, ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பொட்டலத்துடனும் எண் அச்சிட்ட சின்னச் சீட்டு வைத்து, “சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சரக்கு வந்தா சொல்றேன்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதற்கும் காசில்லை. பணம் கொடுத்து விளம்பரம் செய்வதை இதெல்லாம் நடந்த பிறகு பார்க்கலாம். அப்போதும் நீங்களே டெலிவரி தரக்கூடிய பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, சின்னத் தொகையில் செய்து பாருங்கள்.

பாக்கெட் போட்டு விற்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அவசியம். அந்த 14 இலக்க எண், எடை, பேக் செய்த தேதி, உங்கள் முகவரி நான்கும் லேபிளில் தெரியட்டும். வாசனைக்காகக் கருவாட்டை எடுக்க மறுக்கும் கூரியர்காரர்கள் உண்டு. வெளியூர் ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் விசாரித்துவிடுங்கள்.

ஒன்றை மகனிடம் இன்றே சொல்லிவையுங்கள். பெரிய ஆர்டர் என்று சொல்லி, “பணம் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க” என்று எவராவது கேட்டால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

மாமியாரை வற்புறுத்தாதீர்கள். முகம் காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம். சென்னாகுனியை முறத்தில் புடைக்கும் அவருடைய கையை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நின்று, “இதில் தூசு எப்படிப் போகுது அத்தை?” என்று நீங்கள் கேளுங்கள், அவர் பதில் சொல்லட்டும். சரி என்றால் முதல் வீடியோ அதுவாக இருக்கட்டும். வேண்டாம் என்றால் முறத்தை நீங்கள் பிடியுங்கள்.