ஹெட்ஃபோனில் குரல் பிந்தி ஒலிப்பது ஏன்?

கேள்வி: விண்டோஸ் 11 மடிக்கணினியில் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் கருவி) இணைத்து, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன். என் குரல் ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்திக் கேட்கிறது. பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டு) அளவைக் குறைத்தால் 'படபட'வென்று வெடிக்கிறது. புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா? – வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: லோ யாட் கணினிக் கடை வளாகத்துக்குப் புறப்படுவதற்கு முன், இன்டர்ஃபேஸின் முகப்பில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தானோ குமிழோ இருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்கினால் உங்கள் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராகவே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். பதிவு மென்பொருளில் குரல் பதிவாகும் டிராக்கின் 'மானிட்டர்' வசதியை (பாடுவதை உடனே திருப்பிக் கேட்கவைப்பது) மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையேல் குரல் இரட்டையாகக் கேட்கும். எதிரொலி சேர்த்துக் கேட்டபடி பாடுவதற்கோ, கீபோர்டில் மென்பொருள் வாத்தியங்களை வாசிப்பதற்கோ இந்த வழி உதவாது. அப்போதுதான் பஃபரில் கைவைக்க வேண்டும்.

48,000 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில், பஃபர் 512 மாதிரிகள் என்றால், கணினி 10.7 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஒலித்துண்டு ஒன்றைத் தயாரித்துத் தருகிறது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அதே அளவு தாமதம் சேர்வதால், மொத்தம் 21 மில்லிவினாடியைத் தாண்டிவிடுகிறது. 128 என்று வைத்தால் தாமதம் அதில் கால்வாசியாகும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கும் அவகாசமும் 2.7 மில்லிவினாடியாகச் சுருங்கிவிடும். அந்த இடைவெளியில் வைஃபை டிரைவர் (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்) போன்ற ஏதோ ஒன்று செயலியை 3 மில்லிவினாடி பிடித்துவைத்துக்கொண்டாலே துண்டு நேரத்துக்கு வந்து சேராது. நீங்கள் கேட்கும் வெடிப்பு பெரும்பாலும் அதுதான். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி என்பதால், செயலியின் உழைப்பு 20 விழுக்காடு என்று அங்கே தெரிந்தாலும் இந்தத் தடங்கல் கண்ணில் படாது. ஆகவே, வேகமான செயலியை வாங்கினாலும், குறுக்கிடும் டிரைவர் அதில் இருந்தால் இதே தொல்லை தொடரலாம்.

குறுக்கிடுவது எது என்பதை 'லேட்டன்சிமான்' என்ற மென்பொருளைச் சில நிமிடம் ஓடவிட்டுக் கண்டறியலாம். வைஃபையை அணைத்ததும் வெடிப்பு நின்றால், அதன் டிரைவரைப் புதுப்பியுங்கள். பதிவு நேரத்தில் அணைத்தே வைப்பது இன்னும் எளிது. பதிவு மென்பொருளில், இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரே வழங்கும், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜரைச் செருகி, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றுங்கள். மேம்பட்ட மின் அமைப்புகளில் 'யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' தென்பட்டால் அதை முடக்குங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் கணினியிலேயே செருகுவது நல்லது. நம் ஊர் வெக்கையில் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பதிவு செய்தால், சூடேறிச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு அறவே ஆகாது.

இவற்றையெல்லாம் செய்த பிறகு பஃபரை 256இல் தொடங்கி, வெடிப்பு வராதவரை 128க்கு இறக்குங்கள். பாடி முடித்து மிக்சிங்கில் இறங்கும்போது அதை 1024க்கு உயர்த்திவிடலாம். அப்போது தாமதம் பொருட்டல்ல.