சூடாகும் தரைக்கு எந்த வினைல்?

தம்பி, இங்கிலாந்துக்குப் போன இரண்டாம் வருடமே வீடு வாங்கிவிட்டீர்கள் என்று புளியரையில் உங்கள் அப்பா சொன்னார், ரொம்ப சந்தோஷம். தரைக்குள் சுடுநீர்க் குழாய் ஓடும் புது வீடு, மேலே வெறும் ஸ்க்ரீட்டோடு, அதாவது குழாயை மூடிப் போட்ட சிமெண்ட் தளத்தோடு கொடுத்திருக்கிறார்கள், அதன் மேல் எந்த வினைலும், அதாவது பிளாஸ்டிக் தரை உறையும், போடலாம் என்கிறார் கடைக்காரர், எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சாரலுக்குச் செங்கோட்டை வந்திருக்கிறேன். அம்மா வீட்டுச் சில்லென்ற காவித் தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

டிசைனைப் பிறகு பார்க்கலாம். ஸ்க்ரீட் காய்ந்துவிட்டதா? மணலும் சிமெண்டும் கலந்த ஸ்க்ரீட் 50 மி.மீ. கனம் வரை நாளைக்கு ஒரு மி.மீ. கணக்கில்தான் காயும், அதற்கு மேல் இன்னும் மெதுவாக. குழாயை மூடி 65 மி.மீ. போட்டிருந்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம். கையால் தொட்டால் முன்பே காய்ந்த மாதிரிதான் தெரியும், அதை நம்பாதீர்கள். ஸ்க்ரீட் மேல் ஈரமானி வைத்து, அது காட்டும் ஒப்பு ஈரப்பதம் (ஆர்ஹெச்) 75 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகே வினைல். இது ஈரத்தை மேலே விடாது. அடியில் மாட்டிய ஈரம் பசையைப் பிரித்துத் தரையைக் கொப்புளமாக்கிவிடும். ஹீட்டிங்கையும் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் வகை. என் முதல் வீட்டில், கால் வலிக்காது என்று கடையில் சொன்னதைக் கேட்டு, பசையில்லாமல் பலகைகளை ஒன்றோடொன்று மாட்டும் கிளிக் வினைலுக்கு அடியில் தடித்த ஃபோம் அண்டர்லே, அதாவது அடிவிரிப்பு, போட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்கக் குழாயில் சூடு ஓடியது, காலுக்கு வரவில்லை. தண்ணீரின் சூட்டை ஏற்ற ஏற்ற பில்தான் ஏறியது. போட்டவர்கள் சுவரோரம் இடைவெளியும் விடவில்லை. மேற்குப் பார்த்த கண்ணாடிக் கதவருகே வெயிலும் தரைச் சூடும் சேர்ந்து பலகைகளைத் தூக்கிவிட்டன. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் பெயர்த்தோம். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வேலை, வேண்டாம் தம்பி.

அதனால் என் முதல் தேர்வு, ஸ்க்ரீட்டோடு நேராக ஒட்டும் 2.5 மி.மீ. வினைல். நடுவில் காற்றும் இல்லை, ஃபோமும் இல்லை, சூடு சீக்கிரம் மேலே வரும். சூடு தாங்கும் பசை என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒட்டும் வகைக்குத் தரை கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும், சின்னக் கல் இருந்தாலும் மேலே தெரியும். லெவலிங் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் எஸ்பிசி என்ற வகைக் கிளிக் பலகை. நடுவே சுண்ணாம்புக்கல் தூள் இருப்பதால் சூட்டுக்கு அதிகம் விரியாது. அதற்கும் சுவரோரம் கம்பெனி சொல்லும் இடைவெளி வேண்டும், அடியில் ஹீட்டிங்குக்கென்றே வரும் மெல்லிய அண்டர்லே போதும். டபிள்யூபிசி என்று இன்னொரு வகைக் கிளிக் பலகை உண்டு, அது வேண்டாம். அதன் நடுப்பகுதி நுரை, சூட்டைத் தடுக்கும்.

எதை வாங்கினாலும் கம்பெனி தாளில் மேற்பரப்பு வெப்ப வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் 27 டிகிரி. தெர்மோஸ்டாட்டில் அறையின் சூடு மட்டும் தெரிந்தால் போதாது, தரைக்கென்று சென்சார் வைத்து அந்த எண்ணில் பூட்டச் சொல்லுங்கள். பெட்டிகளை 48 மணி நேரம் அந்த அறையிலேயே வைத்துவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒட்டும்போது ஹீட்டிங் அணைந்திருக்க வேண்டும், முடிந்து இரண்டு நாள் கழித்து மெல்ல ஏற்றலாம்.

குடியேறிய பிறகு ரப்பர் அடி வைத்த மிதியடி போடாதீர்கள், வினைலில் மஞ்சள் கறை விழும், போகவே போகாது. கிரைண்டரின் ரப்பர் காலும் அப்படித்தான், மேடை மேல் வையுங்கள். தடித்த கம்பளமும் சூட்டை அடியிலேயே பிடித்துவைக்கும். அடுப்பங்கரையில் குழாய் ஓடும் மூலையை மட்டும் காலியாக விட்டுவைக்கச் சொல்கிறாள் என் மனைவி. ஜனவரியிலும் இட்லி மாவு அங்கே ஒரே ராத்திரியில் பொங்கிவிடும்.

ஈரமானியில் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள். 75க்கு மேல் இருந்தால், பில்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.