நடுவுல ஆளே இல்லாத கிளவுட்ல யாரை நம்புறது?

கேள்வி: கல்யாண வீடியோ ஸ்டூடியோ வச்சிருக்கேன், பழைய ஃபுட்டேஜே நாலு டிபி இருக்கு. பியர்-டு-பியர் கிளவுட்ல, அதாவது ஒரே கம்பெனி சர்வர்ல இல்லாம முகம் தெரியாத பல பேர் கம்ப்யூட்டர்ல, போட்டா செலவு கம்மின்னு பையன் சொல்றான். அங்க எவன் ஒழுங்கா வச்சிருப்பான், எவன் ஏமாத்துவான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?

பதில்: ஆளைத் தேடுறது வேற, ஆள் எப்படின்னு பாக்குறது வேற சார். தேடுறது எப்பவோ முடிஞ்ச கதை. 1999ல வந்த நாப்ஸ்டர்ங்கிற பாட்டு பகிர்ற சர்வீஸ்ல யார்கிட்ட எந்தப் பாட்டு இருக்குங்கிற லிஸ்ட் கம்பெனி சர்வர்லயே இருந்துச்சு, கோர்ட் கேஸ்ல மாட்டி 2001ல இழுத்து மூடிட்டாங்க. க்னூடெல்லாங்கிற இன்னொரு நெட்வொர்க் லிஸ்டே வேணாம்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டுத் தேடுச்சு, நெட்வொர்க்கே திணறிடுச்சு. 2002ல வந்த கடெம்லியா முறையில பத்து லட்சம் மெஷின் இருந்தாலும் ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுன்னு ஒரு இருபது தாவல்ல ஆளைப் பிடிச்சிடலாம், பிட்டோரன்ட், ஐபிஎஃப்எஸ் மாதிரி ஃபைல் பகிர்ற நெட்வொர்க்கெல்லாம் இன்னிக்கும் அதை வச்சுத்தான் தேடுது. ஆனா அதுகிட்ட "இதுல நல்லவன் யாரு"ன்னு கேட்டா முழிக்கும், அதுக்குத் தெரிஞ்சது அட்ரஸ் மட்டும்தான்.

ரேட்டிங் வச்சா போச்சுன்னு தோணும். ஒரே ஆள் ஆயிரம் ஐடி போட்டு தனக்குத்தானே அஞ்சு ஸ்டார் குத்திக்கிட்டா? சிபில் அட்டாக்னு இதுக்குப் பேரே இருக்கு. 2003ல ஸ்டான்ஃபோர்டுகாரங்க ஐகன்ட்ரஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நம்பிக்கையானவங்க போடுற மார்க்குக்கு வெயிட் ஜாஸ்தி, ஆனா அந்த முதல் நாலு நம்பிக்கையானவங்களை யாராவது கை காட்டித்தான் ஆகணும்.

அதனால இப்ப இருக்கிறவங்க பரீட்சை வைக்கிறாங்க. ஸ்டோர்ஜ்ங்கிற சர்வீஸ் ஒவ்வொரு 64 எம்பியையும் என்கிரிப்ட் பண்ணி (சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி) பல துண்டாக்கி வேற வேற நோடுக்கு (டிஸ்கை வாடகைக்கு விடுறவங்க மெஷினுக்கு) அனுப்புது, அதுல ஒரு பகுதி துண்டு திரும்பக் கிடைச்சாலே ஃபைல் வந்துடும், நடுநடுவுல "உன்கிட்ட இருக்கிற துண்டைக் காட்டு"ன்னு சாட்டிலைட்னு ஒரு சர்வர் கேக்கும், தப்புத் தப்பா காட்டுற நோடு வெளிய. (அந்த சாட்டிலைட்டை முக்கியமா ஓட்டுறது கம்பெனிதான், இதுல 'நடுவுல ஆள் இல்லை'ங்கிறது எவ்வளவு உண்மைன்னு நீங்களே சொல்லுங்க.) 2020ல நிஜமா ஓட ஆரம்பிச்ச ஃபைல்காயின்ங்கிற நெட்வொர்க்ல டேட்டா வச்சிருக்கிறவன் டெபாசிட் கட்டணும், 24 மணி நேரத்துக்கு ஒருதடவை டேட்டா இருக்குன்னு நிரூபிக்கணும், இல்லேன்னா டெபாசிட்ல கை வைப்பாங்க. இருக்குன்னு நிரூபிக்கிறான் சரி, கஸ்டமர் போன் பண்ற அன்னிக்கு வேகமா எடுத்துத் தருவானா? அது தனி.

உங்களுக்கு நான் சொல்றது, ஒரே ஒரு கல்யாணத்தை மட்டும் ஏத்துங்க, ஒரு மாசம் கழிச்சு ராத்திரி பிஸி டைம்ல முழுசா டவுன்லோட் பண்ணுங்க, எவ்வளவு நேரம் ஆச்சு, ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர்) அப்படியே பொருந்துதா, டவுன்லோடுக்கு எவ்வளவு சார்ஜ் போட்டான்னு பாருங்க. என்கிரிப்ஷன் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், தொலைச்சா யாராலயும் திறக்க முடியாது. ஹார்ட் டிஸ்கை அதுக்குள்ள அழிச்சிடாதீங்க!

கேள்வி: என் வீட்டு டிஸ்கை இதுக்கு வாடகைக்கு விட்டா காசு வருமா?

பதில்: வரும், மெதுவா. ஸ்டோர்ஜ்ல முதல் 3 மாசம் வருமானத்துல 75 சதவீதத்தைப் பிடிச்சு வச்சுக்குவாங்க, பாதியில ஓடிடக்கூடாதுன்னுதான். சும்மா கிடக்கிற டிஸ்க்னா ஓகே, இதுக்குன்னு புதுசா வாங்காதீங்க.